‘லைஃப்டைம் ஆயில்’ மதுரை வெயிலைத் தாங்குமா? ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

மே மாதத்து மதியம், கப்பலூர் டோல்கேட். உத்தங்குடியிலிருந்து வரும் ரிங் ரோடும், சமயநல்லூர் பக்கமிருந்து வரும் நான்குவழிச் சாலையும் இந்தப் பகுதியில்தான் சேர்கின்றன. சிட்கோ தொழிற்பேட்டைக்குப் போகும் லாரிகள், திருமங்கலம், விருதுநகர் போகும் பஸ்கள், நடுவில் ஏசியைக் கூட்டி வைத்துக்கொண்டு அங்குலம் அங்குலமாக நகரும் கார்கள். ஆட்டோமேட்டிக் கார் ஓட்டுபவருக்கு இடது காலுக்கு வேலையில்லை. கிளட்ச் மிதிக்கிற அந்த வேலையை, கியர்பாக்ஸுக்குள் இருக்கும் சில லிட்டர் ஆயில் செய்துகொண்டிருக்கிறது.

என்ஜின் ஆயிலை எல்லாரும் ஒழுங்காக மாத்துறோம். கியர்பாக்ஸ் ஆயிலைப் பற்றிக் கேட்டால், “அது லைஃப்டைம் சார், மாத்தவே வேணாம்” என்று ஒருவர் சொல்வார். “உடனே ஃப்ளஷ் பண்ணி, தனியா ஒரு கூலரும் மாட்டிருங்க” என்று இன்னொருவர் சொல்வார். யாரை நம்புவது? பதில், உங்க கார் எந்த வகை, எந்த ஊரில் ஓடுது என்ற இரண்டு விஷயத்தில் இருக்கிறது.

முதலில், உங்க கார் எந்த ஆட்டோமேட்டிக்?

‘ஆட்டோமேட்டிக்’ என்று ஒரே பெயரில் நம்ம ஊரில் நான்கு வகை கார்கள் ஓடுகின்றன.

ஏஎம்டி: இது உண்மையில் மேனுவல் கியர்பாக்ஸ்தான். கிளட்ச் மிதிப்பதையும் கியர் போடுவதையும் ஒரு இயந்திரக் கை செய்கிறது. 2014-ல் மாருதி செலிரியோ மூலம் இந்தியாவுக்கு வந்த வகை இது. இதற்குள் இருப்பது சாதாரண கியர் ஆயில். இந்தக் காருக்கு யாராவது ‘ஏடிஎஃப் ஃப்ளஷ்’ என்றோ ‘டிரான்ஸ்மிஷன் கூலர்’ என்றோ சொன்னால், கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிடலாம்.

டார்க் கன்வெர்ட்டர்: பழைய, நம்பகமான வகை. இன்னோவா கிரிஸ்டா, எக்ஸ்யூவி 700 ஆகியவற்றின் ஆட்டோமேட்டிக் மாடல்கள் இந்த வகைதான். ஏடிஎஃப் என்கிற ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஃப்ளூயிட் பற்றிய பேச்சு முழுக்க முழுக்க இதற்குப் பொருந்தும்.

சிவிடி: பல்சக்கர கியர்களுக்குப் பதிலாக, இரண்டு புல்லிகளுக்கு நடுவே ஓடும் உலோக பெல்ட். ஹோண்டா சிட்டி போன்ற கார்களில் இருப்பது. இதற்குத் தனி சிவிடி ஃப்ளூயிட் உண்டு. சாதாரண ஏடிஎஃப் ஊற்றினால் பெல்ட் வழுக்கிவிடும்.

டிசிடி: இரட்டை கிளட்ச். இதிலேயே ‘டிரை’, ‘வெட்’ என்று இரண்டு உண்டு. வெட் வகையில் கிளட்ச் ஆயிலில் மூழ்கி இருக்கும். அதற்கு ஆயில் மாற்றுவது கட்டாயம். உதாரணமாக, ஃபோக்ஸ்வாகனின் 6 ஸ்பீடு வெட் கிளட்ச் டிஎஸ்ஜி பெட்டிக்கு 60,000 கி.மீ.க்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள்.

இந்தக் கட்டுரையில் அதிகம் பேசப்போவது டார்க் கன்வெர்ட்டர் பற்றி.

ஒரு ஆயில், நாலு வேலை

என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே டார்க் கன்வெர்ட்டரில் நேரடி இணைப்பு கிடையாது. எதிரெதிரே வைத்த இரண்டு ஃபேன்களை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை ஓட்டினால், அதன் காற்று பட்டு மற்றொன்றும் சுற்றும். இங்கே காற்றுக்குப் பதில் ஆயில். என்ஜின் பக்கச் சக்கரம் ஆயிலை வீசுகிறது. கியர்பாக்ஸ் பக்கச் சக்கரம் அந்த வேகத்தில் சுற்றுகிறது. சக்தியைக் கடத்துவது முதல் வேலை.

இரண்டாவது, அழுத்தம் கொடுப்பது. எந்த கியர் விழ வேண்டும் என்பதை வால்வு பாடி என்கிற நுண்ணிய பாதைகள் கொண்ட பாகத்தின் வழியாக ஆயில் அழுத்தம்தான் செய்து முடிக்கிறது. மூன்றாவது, தேய்மானம் இல்லாமல் பார்த்துக்கொள்வது. நான்காவது, சூட்டை வெளியே எடுத்துக்கொண்டு போவது.

இதில் ஒரு சிக்கல். பேரிங்கில் இந்த ஆயில் வழுக்க வேண்டும்; கிளட்ச் பிளேட்டில் அதே ஆயில் பிடிக்க வேண்டும். இந்த இரண்டையும் சமன் செய்வது ஆயிலில் கலக்கும் சேர்மானங்கள். 1970-களின் தொடக்கம் வரை அமெரிக்காவில் இதற்கு ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெயைக் கலந்திருக்கிறார்கள். அழியும் உயிரினங்களைக் காக்கும் சட்டங்கள் வந்த பிறகுதான் செயற்கைச் சேர்மானங்களுக்கு மாறினார்கள். ‘ஆயில் பழசாச்சு’ என்றால் பெரும்பாலும் இந்தச் சேர்மானங்கள் தீர்ந்துபோச்சு என்றுதான் அர்த்தம். கேனில் இருக்கிற ஆயில் சிவப்பாக இருந்தால் போதும் என்று எதையாவது ஊற்றக் கூடாது என்பதற்கும் காரணம் இதுவே. சிவப்பு வெறும் சாயம். மேனுவலில் எந்த ஸ்பெக் போட்டிருக்கிறதோ, அதே ஸ்பெக்தான் ஊத்தணும்.

சூடு எங்கிருந்து வருது?

அந்த இரண்டு ஃபேன்களும் ஒரே வேகத்தில் சுற்றாதபோது, நடுவில் இருக்கும் ஆயில் கடைந்தெடுக்கப்படுகிறது. மோர் கடைகிற மாதிரி. கடைகிற சக்தி முழுவதும் சூடாக மாறுகிறது.

இதில் பலருக்குத் தெரியாத விஷயம்: நான்குவழிச் சாலையில் கப்பலூரிலிருந்து கோவில்பட்டி வரை சீரான வேகத்தில் போவது கியர்பாக்ஸுக்குக் கிட்டத்தட்ட ஓய்வு. அந்த வேகத்தில் ‘லாக்-அப் கிளட்ச்’ என்ற ஒன்று இரண்டு சக்கரங்களையும் சேர்த்துப் பூட்டிவிடும். கடைசல் இல்லை, முன்பக்கக் காற்றும் நிறைய கிடைக்கிறது.

கஷ்டம் வேறு இடங்களில். பெரியார் பஸ் ஸ்டாண்டைச் சுற்றி அரை மணி நேரம் ஊர்வது. டோல்கேட் வரிசையில் நகர்ந்து நகர்ந்து நிற்பது. ஏழு பேரோடும் லக்கேஜோடும் வத்தலக்குண்டு தாண்டி கொடைக்கானல் மலை ஏறுவது. கார்த்திகை, மார்கழியில் திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம், செங்கோட்டை வழியாக சபரிமலைக்கு நிறைந்த வண்டியோடு போவது. இங்கெல்லாம் வேகம் குறைவு, சுமை அதிகம், லாக்-அப் அடிக்கடி விடுபடும், காற்றும் போதாது. ஏசி கண்டென்ஸர் விடும் சூடான காற்றுதான் ரேடியேட்டருக்கே கிடைக்கும்.

ஏடிஎஃப்-க்கு வசதியான வெப்பநிலை பொதுவாக 80 முதல் 95 டிகிரி செல்சியஸ். அதற்கு மேல் பொறியாளர்கள் சொல்லும் பொதுக் கணக்கு இது: ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஆயில் கெடும் வேகம் இரட்டிப்பாகும். 90 டிகிரியில் 1,00,000 கி.மீ. தாங்கும் ஆயில், எப்போதும் 110 டிகிரியில் ஓடினால் கணக்குப்படி 25,000 கி.மீ.தான் தாங்கும். 120-ஐ நெருங்கினால் வார்னிஷ் போன்ற படிவு உருவாகி வால்வு பாடியில் ஒட்டும். அதற்கும் மேலே போனால் ரப்பர் சீல்கள் இறுகும். 150-ஐ ஒட்டி கிளட்ச் பிளேட்டே கருக ஆரம்பிக்கும்.

‘லைஃப்டைம்’ என்றால் யாருடைய லைஃப்?

சில நிறுவனங்களின் மேனுவலில், அட்டவணையில் ஏடிஎஃப் வரிசையில் ‘சோதனை தேவையில்லை’ என்றே போட்டிருக்கும். அங்கேயே நிறுத்திவிடாதீர்கள். அடுத்த பக்கத்தைத் திருப்புங்கள். ‘கடுமையான பயன்பாடு’ என்று இன்னொரு அட்டவணை இருக்கும்.

ஹூண்டாய், கியா மேனுவல்களில் அந்தக் கடுமையான பயன்பாட்டுக்கான விளக்கங்களில் ஒன்று இப்படி வருகிறது: 32 டிகிரிக்கு மேல் வெயில் இருக்கும்போது, ஓட்டும் நேரத்தில் பாதிக்கு மேல் நெரிசலான நகரச் சாலையில் ஓட்டுவது. புழுதிச் சாலை, மலைப்பாதை, டாக்ஸி பயன்பாடு ஆகியவையும் அந்தப் பட்டியலில் உண்டு.

படித்துவிட்டு மதுரையை யோசித்துப் பாருங்கள். மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரை மதிய வெயில் 32 டிகிரிக்குக் கீழே இறங்கும் நாளைத் தேடணும். நிறுவனம் ‘கடுமை’ என்று சொல்வது, நமக்கு ஆபீஸ் போய் வருகிற ரூட். ஆகவே நாம் பார்க்க வேண்டியது முதல் அட்டவணையை இல்லை, இரண்டாவது அட்டவணையை.

பிஎம்டபிள்யூ உள்பட பல கார்களுக்கு கியர்பாக்ஸ் செய்து தரும் ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனமே, தன்னுடைய பெட்டிகளுக்கு சுமார் 80,000 முதல் 1,20,000 கி.மீ. அல்லது 8 ஆண்டுகளுக்குள் ஆயில் மாற்றச் சொல்கிறது. கார் கம்பெனி ‘லைஃப்டைம்’ என்று சொன்ன பெட்டிகளுக்கும் சேர்த்துத்தான். பெட்டியைச் செய்தவர் சொல்வதை நம்புவது நல்லது.

வெயிலும் நெரிசலும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகறிந்த ஓர் உதாரணம் இருக்கிறது. 2013 நவம்பரில் ஃபோக்ஸ்வாகன், தன் 7 ஸ்பீடு டிரை கிளட்ச் டிஎஸ்ஜி பொருத்திய சுமார் 16 லட்சம் கார்களை உலகம் முழுக்கத் திரும்ப அழைத்தது. வேலை, சிந்தெட்டிக் கியர் ஆயிலை எடுத்துவிட்டு மினரல் ஆயிலை ஊற்றுவது. காரணம், வெப்பமும் ஈரப்பதமும் கூடிய நாடுகளில், நின்று நின்று நகரும் போக்குவரத்தில், பழைய ஆயிலால் பெட்டியின் மின் இணைப்புகளில் கோளாறு வர வாய்ப்பிருந்தது. ஐரோப்பாவில் நன்றாக வேலை செய்த ஆயில், வெயில் நாடுகளின் டிராஃபிக்கில் தோற்றது.

மாத்தணும்னு எப்படித் தெரியும்?

கிலோமீட்டர் கணக்கு முதல் வழி. அதற்கு முன்பே கார் சொல்லும் அறிகுறிகள் சில:

• காலையில் ‘ஆர்’ அல்லது ‘டி’ போட்டதும் கியர் விழ ஓரிரு நொடி தாமதம்.
• என்ஜின் சத்தம் ஏறுது; ஆனால் வண்டி இழுக்கல.
• கியர் மாறும்போது குலுக்கல். அல்லது 50–70 கி.மீ. வேகத்தில், மேடு பள்ளமான சாலையில் போவது போன்ற நடுக்கம்.
• ஆயிலில் கருகிய வாடை. நிறம் மட்டும் கறுத்தால் பயம் வேண்டாம், வாடை முக்கியம்.
• ஆயில் ரோஸ்மில்க் நிறத்தில் இருந்தால் வண்டியை உடனே நிறுத்துங்க. ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் ஓட்டையாகி, கூலன்ட் கியர்பாக்ஸுக்குள் புகுந்துவிட்டது என்று பொருள். ஓட்ட ஓட்டச் செலவு கூடும்.

ஒரு எச்சரிக்கை. கிளட்ச் பிளேட் தேய்ந்து ஏற்கெனவே வழுக்குகிற பெட்டியை, புது ஆயில் குணப்படுத்தாது. “ஆயில் மாத்தினதும் கியர்பாக்ஸ் போயிருச்சு” என்று சொல்லப்படும் கதைகள் பலவற்றில், பெட்டி அதற்கு முன்பே போயிருக்கும்.

டிரெயினா, ஃப்ளஷ்ஷா?

என்ஜின் ஆயில் மாதிரி இதில் பிளக்கைக் கழற்றினால் எல்லாம் வடிந்துவிடாது. பாதிக்கு மேல் டார்க் கன்வெர்ட்டருக்குள்ளும் குழாய்களிலும் தங்கிவிடும்.

ஒரு பெட்டியில் மொத்தம் 8 லிட்டர், பிளக்கைத் திறந்தால் வடிவது 3.5 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒருமுறை மாற்றினால் உள்ளே இருப்பதில் 44 சதவீதம்தான் புதுசு. சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இரண்டாவது முறை மாற்றினால் 68 சதவீதம். மூன்றாவது முறை 82 சதவீதம். இதற்கு மொத்தம் பத்தரை லிட்டர் ஆயில் ஆகும். செலவு கொஞ்சம் கூட; ஆபத்து மிகக் குறைவு. சம்பைக் கழற்ற முடிகிற மாடல் என்றால் முதல்முறையே ஃபில்டரையும் கேஸ்கட்டையும் மாற்றி, உள்ளே இருக்கும் காந்தங்களைத் துடைத்துவிட வேண்டும். காந்தத்தில் சாம்பல் நிறப் பசை இருப்பது இயல்பு. உலோகத் துண்டு இருந்தால் பிரச்னை.

ஃப்ளஷ் என்ற பெயரில் இரண்டு வேறு வேலைகள் நடக்கின்றன. கூலர் குழாயில் மிஷினை இணைத்து, கியர்பாக்ஸின் சொந்த பம்ப் பழைய ஆயிலைத் தள்ளத் தள்ள, அதே அளவு புது ஆயிலைக் கொடுப்பது ஒன்று. இது சரியான முறை. 90 சதவீதத்துக்கு மேல் ஒரே தடவையில் மாறிவிடும். மற்றொன்று, வெளியிலிருந்து அழுத்தம் கொடுத்தோ, கழுவும் கெமிக்கல் ஊற்றியோ சுத்தம் செய்வது. பல வருஷம் மாற்றாத பெட்டியில் இதைச் செய்தால், எங்கோ அமைதியாக ஒட்டிக்கொண்டிருந்த அழுக்கு கிளம்பி வால்வு பாடியின் நுண்ணிய பாதையை அடைக்கலாம். 1,00,000 கி.மீ. தாண்டியும் ஒருமுறைகூட மாற்றாத காருக்கு, நிதானமாக இரண்டு மூன்று டிரெயின்தான் பாதுகாப்பு.

மதிய வெயிலில் லெவல் பார்க்கக் கூடாது

இப்போது வரும் பெரும்பாலான பெட்டிகளில் டிப் ஸ்டிக் கிடையாது. என்ஜின் ஓடும்போது அடியில் ஒரு செக் பிளக்கைத் திறப்பார்கள். மிச்சம் இருக்கும் ஆயில் சொட்டுச் சொட்டாக வடிந்து நின்றால் லெவல் சரி. ஆனால் இதை ஆயில் ஒரு குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போதுதான் செய்ய வேண்டும். டொயோட்டாவின் பல பெட்டிகளுக்கு அது சுமார் 35 முதல் 45 டிகிரி.

ஜப்பானில் இது சுலபம். கப்பலூரில் மே மாத மதியம் தகர ஷெட்டுக்குள் நிற்கும் காரில், என்ஜினை ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்பே ஆயில் 40 டிகிரியை ஒட்டியிருக்கும். ஓடி வந்த வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். சூட்டில் ஆயில் விரியும். அந்த நிலையில் திறந்தால் தேவைக்கு மேல் வடிந்துவிடும். ஆறிய பிறகு லெவல் குறைவாக இருக்கும். ஆயில் குறைந்த பெட்டி இன்னும் சூடாகும். அதனால் முந்தின நாள் ராத்திரியே வண்டியை விட்டுவிட்டு, காலையில் முதல் வேலையாக ஸ்கேனரில் வெப்பநிலையைப் பார்த்துக்கொண்டே லெவல் வைக்கச் சொல்லுங்கள்.

தனி கூலர் யாருக்குத் தேவை?

பெரும்பாலான கார்களில் ஏற்கெனவே ஒரு கூலர் இருக்கிறது. ஒன்று ரேடியேட்டர் தொட்டிக்குள். இல்லையென்றால் கியர்பாக்ஸ் மேலேயே, கூலன்ட் தண்ணீர் ஓடும் ஒரு சின்னப் பெட்டியாக. அதற்கு மேல் தனியாக ஒன்று மாட்டுவதுதான் எக்ஸ்டர்னல் கூலர்.

வாங்குவதற்கு முன்னால் அளந்து பாருங்கள். ஓபிடி ஸ்கேனர் மாட்டினால் பல கார்களில் ஏடிஎஃப் வெப்பநிலையைப் படிக்க முடியும். நீங்கள் தினமும் போகிற ரூட்டில் ஒருநாள், மலைப்பாதையில் ஒருநாள் கவனியுங்கள். 100-க்குள் இருந்தால் கூலர் வீண் செலவு. ஒழுங்காக ஆயில் மாற்றினாலே போதும். அடிக்கடி 110-ஐத் தாண்டினால், முதலில் ரேடியேட்டர் ஃபேன், கூலன்ட், புழுதி அடைத்த கண்டென்ஸர் இவற்றைச் சரிபார்க்க வேண்டும். பாதிப் பிரச்னை அங்கேயே தீரும். அதற்குப் பிறகும் சூடு குறையவில்லை, வண்டி டாக்ஸியாக ஓடுகிறது, டிரெய்லர் இழுக்கிறது, வாராவாரம் மலை ஏறுகிறது என்றால் கூலர் நியாயம்.

மாட்டும்போது கவனிக்க வேண்டியவை:

• வரிசை முக்கியம். ஆயில் முதலில் ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலருக்குப் போய், பிறகு தனி கூலருக்குப் போய், அங்கிருந்து கியர்பாக்ஸுக்குத் திரும்ப வேண்டும்.
• குழாய் வடிவத்தைவிட அடுக்குத் தட்டு வகை கூலர் அதே இடத்தில் அதிகச் சூட்டை எடுக்கும்.
• ஏசி கண்டென்ஸருக்கு முன்னால் மாட்டினால், இடைவெளி விட்டு, பிராக்கெட்டில் மாட்ட வேண்டும். கண்டென்ஸரின் ஃபின்களுக்கு நடுவே பிளாஸ்டிக் கம்பி சொருகிக் கட்டுவது கண்டென்ஸரை ஓட்டையாக்கும். முழுசாக மறைத்தால் ஏசி கூலிங்கும் குறையும்.
• ஏடிஎஃப்-க்கான ஓஸ்தான் போட வேண்டும். பெட்ரோல் ஓஸ் அல்ல. அது ஒருநாள் நடுரோட்டில் விட்டுவிட்டால் சில நிமிடங்களில் பெட்டி காலி.
• கூலருக்குள்ளும் ஆயில் நிற்கும் என்பதால் லெவலை மறுபடி வைக்க வேண்டும்.

வாரன்டி இருக்கிற வண்டியில் வெளியே கூலர் மாட்டினால், பின்னால் கியர்பாக்ஸ் கிளெய்மை மறுக்க அதுவே காரணமாகலாம். கம்பெனி சர்வீஸில் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். டிரை கிளட்ச் டிசிடி, ஏஎம்டி கார்களுக்கு இந்த கூலரால் எந்தப் பயனும் இல்லை.

காசில்லாமல் சூட்டைக் குறைக்க…

வரிசை ஒரு நிமிஷத்துக்கு மேல் நகராது என்று தெரிந்தால் ‘என்’-ல் போட்டு பிரேக் பிடியுங்கள். ஓடும்போது ‘என்’ போடக் கூடாது. மேட்டில் ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தபடி வண்டியைத் தாங்கி நிற்க வைக்காதீர்கள், பிரேக் பிடியுங்கள். மலை ஏறும்போது மேனுவல் மோடில் கீழ் கியரில் ஏறினால் பெட்டி மேலும் கீழும் தடுமாறாது. கொண்டை ஊசி வளைவுகள் முடிந்து நிறுத்தும்போது, என்ஜினை உடனே அணைக்காமல் ‘பி’-யில் இரண்டு நிமிஷம் ஓட விடுங்கள்.

ஒர்க்‌ஷாப்பில் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

“அண்ணே, என் வண்டிக்கு எந்த ஸ்பெக் ஆயில் ஊத்துவீங்க? சீல் உடைக்காத கேனைக் காட்டுவீங்களா?”

“டிரெயின் பண்ணி ஊத்துவீங்களா, மிஷினா? மிஷின்னா கெமிக்கல் ஏதும் போடுவீங்களா?”

“சம்பைக் கழட்டி ஃபில்டர் மாத்துவீங்களா?”

“லெவல் எத்தனை டிகிரியில வைப்பீங்க?”

“எடுத்த பழைய ஆயில் எத்தனை லிட்டர்னு அளந்து காட்டுவீங்களா?”

கடைசிக் கேள்விக்கு இரண்டு காரணம். எவ்வளவு வடிந்ததோ, குறைந்தது அவ்வளவு ஊற்றினார்களா என்று தெரியும். இன்னொன்று, அந்தப் பழைய ஆயில் எங்கே போகிறது என்று கேட்கிற உரிமையும் உங்களுக்கு வரும். 2016-ம் ஆண்டு அபாயகரக் கழிவு மேலாண்மை விதிகளின்படி கழிவு எண்ணெய் அபாயகரக் கழிவு. அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் போக வேண்டும். வாய்க்காலில் ஊற்றினால் அது அடுத்த கண்மாயில்தான் போய்ச் சேரும்.

இந்த ஐந்துக்கும் நிதானமாகப் பதில் சொல்கிற மெக்கானிக் கிடைத்தால் விடாதீர்கள். வீட்டுக்குப் போனதும் டேஷ்போர்டு டிராயரில் இருக்கும் மேனுவலை எடுத்து, ‘கடுமையான பயன்பாடு’ அட்டவணையில் உங்கள் காருக்குப் போட்டிருக்கும் கிலோமீட்டரைப் பாருங்கள். ஓடோமீட்டர் அதைத் தாண்டியிருந்தால், அடுத்த மலைப் பயணத்துக்கு முன்னால் ஆயிலை மாற்றிவிடுங்கள். கூலரைப் பற்றி அதற்கப்புறம் யோசிக்கலாம்.